சிங்காசனம்: சொல்லும் ஸம்ப்ரதாயப் பொருளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மிகப் பழகிய சொற்களே பெரும்பாலும் ஆராயப்படாமல் விடப்படுகின்றன. 'சிங்காசனம்' அப்படிப்பட்ட ஒரு சொல். மார்கழி 23ஆம் நாளில் திருப்பாவை அநுஸந்திக்கும் கோஷ்டிகள் அனைத்திலும் இச்சொல்லுக்கு உபந்யாஸம் நடக்கிறது. எம்பெருமானார் நியமித்தருளிய 74 ஆசார்யர்களை 'ஸிம்ஹாஸனாதிபதிகள்' என்றே நம் பெரியோர் வழங்கி வந்துள்ளனர். இருந்தும் இச்சொல் எதைச் சொல்கிறது என்று கேட்டால் இரண்டு விடைகளே பெரிதும் கிடைக்கின்றன.

சிங்க உருவம் பொறித்த ஆஸனமாகையால் சிங்காசனம். அது அரச பதவியின் சின்னம். ஆகவே ஸிம்ஹாஸனாதிபதி என்பது அரசனுக்கு ஒத்த ஒரு பதவி என்பது முதல் விடை. சிங்காசனம் வடசொல், அரியணை அதற்கு நேரான தனித்தமிழ்ச் சொல், மற்றபடி ஆராய வேண்டுவது ஒன்றுமில்லை என்பது இரண்டாவது விடை. முன்னது உபந்யாஸ மேடைகளிலும் அழைப்பிதழ்களிலும் காணப்படுவது. பின்னது பள்ளிக்கூடத் தமிழில் வேரூன்றியது.

இரண்டு விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆழ்வார்களும் ஆசார்யர்களும் இச்சொல்லை எடுத்தாண்ட நெறியை இவை தொடவில்லை. அரசிருக்கையைச் சொல்லும் ஒரு சொல்லைக் கைங்கர்யத்தைச் சொல்லும் சொல்லாக நம் ஸம்ப்ரதாயம் எப்படி மாற்றிக்கொண்டது என்பதையும், அந்த மாற்றத்தை மறந்தால் நமக்கு நேரும் நஷ்டத்தையும் விண்ணப்பிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வேதத்தில் சிங்கமில்லை

அரசனுடைய அபிஷேகத்துக்குரிய இருக்கையை வேதம் 'ஆஸந்தீ' என்கிறது. ஐதரேய ப்ராஹ்மணத்தின் எட்டாம் பஞ்சிகை அதன் அமைப்பை அளவுகளோடு கூறுகிறது. அது அத்தி மரத்தால் செய்யப்படுவது. கால்கள் ஒரு ப்ராதேச அளவு, அதாவது கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்த அளவு. சட்டங்கள் ஒரு முழ அளவு. நடுவே முஞ்ஜப்புல் கயிற்றால் பின்னல். அதன்மேல் விரிப்பது புலித்தோல். காட்டு விலங்குகளுள் புலி க்ஷத்ரம் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. வேதம் விதித்த ராஜாஸனத்தில் சிங்கம் இல்லை, இருப்பது புலி. மேலும் அந்த ஆஸனம் கயிற்றால் பின்னிய ஒரு கட்டில். பொன்னும் மணியும் இழைத்த உயர்ந்த பீடமாக அது வருணிக்கப்படவில்லை. இதே ஆஸந்தீ கௌஷீதகி உபநிஷத்தின் பர்யங்கவித்யையிலும் வருகிறது. அதைத் திருப்பாவையோடு சேர்த்துப் பின்னர்க் காண்போம்.

'ஸிம்ஹாஸனம்' இதிஹாஸங்களிலும் காவ்யங்களிலும் பெருவழக்காகும் சொல். இதன் பிற்பகுதி அமர்தலைச் சொல்லும் 'ஆஸ்' தாதுவின் அடியாகப் பிறந்தது. முற்பகுதியான 'ஸிம்ஹ' சப்தத்துக்கு யாஸ்கர் தம் நிருக்தத்தில் இரண்டு வழி காட்டினார்: பிறரை அடக்கி மேற்படுதலைச் சொல்லும் 'ஸஹ்' தாது ஒன்று; ஹிம்ஸையைச் சொல்லும் 'ஹிம்ஸ்' தாது எழுத்து முறைமாறி நிற்றல் மற்றொன்று. எழுத்து மாற்றத்துக்கு உதாஹரணமாக மஹாபாஷ்யத்தில் பதஞ்ஜலியும் இந்தப் பின்னதையே எடுத்துக்காட்டினார். தமிழில் ஹகரம் ககரமாகிச் 'சிங்கம்' என்றாயிற்று. மாஸம் என்பது மாசம் என்றும் மாதம் என்றும் வழங்குவதுபோல, ஆஸனமும் சிங்காசனம், சிங்காதனம் என்று இருவகையாக வழங்கலாயிற்று.

இனி இத்தொகையை எப்படி விரிப்பது? மூன்று வழிகள் உண்டு. சிங்க உருவம் பொறித்த ஆஸனம் என்று இடையே ஒரு சொல்லை வருவித்து விரிப்பது ஒன்று. சிங்கத்தினுடைய ஆஸனம் என்று ஆறாம் வேற்றுமையாக விரிப்பது மற்றொன்று. அப்போது அமர்பவனே சிங்கம், பீடத்தில் உருவம் இருக்க வேண்டுமென்பதில்லை. மூன்றாவது, அவயவப் பொருளை விட்டு அரசிருக்கை என்ற அளவில் ரூடியாகக் கொள்வது. 'மண்டபம்' என்ற சொல்லில் கஞ்சி குடிப்பவன் என்ற அவயவப் பொருளை யாரும் தேடுவதில்லை அல்லவா?

இந்த மூன்றாவது வழிக்கு அமரகோசம் துணை நிற்கிறது. அரசனுடைய இருக்கை பத்ராஸனம்; அதுவே பொன்னால் ஆனதாயின் ஸிம்ஹாஸனம் என்பது அமரஸிம்ஹன் கூறும் வேறுபாடு. அவன் கருத்தில் ஸிம்ஹாஸனத்துக்கு அடையாளம் பொன். சிங்கத்தைப் பற்றிய பேச்சே அங்கில்லை. சிங்க உருவம் பொறித்த பீடங்கள் நம் நாட்டில் உண்டு. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் சிங்கம் செதுக்கிய கல்லிருக்கை தர்மராஜர் சிம்மாசனம் என்றே வழங்குகிறது. ஆனால் உருவம் இருந்தால்தான் அச்சொல் செல்லும் என்பதற்குக் கோசத்தில் ஆதரவு இல்லை. முதல் விடையின் அடிப்படை இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

2. தமிழ்நாட்டு அரசிருக்கை

தமிழில் அரசிருக்கைக்குப் பழைய பெயர் 'கட்டில்'. அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியனின் வரலாறு சிலப்பதிகாரத்தால் யாவரும் அறிந்தது. முரசு வைக்கும் கட்டிலும் அரசுகட்டிலைப்போலவே போற்றப்பட்டது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாமல் ஏறி உறங்கிய மோசிகீரனாரைத் தண்டிக்காமல் அவ்வரசனே கவரி வீசி நின்றதைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டு காட்டுகிறது.

கட்டுதலால் அமைந்தது கட்டில். முஞ்ஜக் கயிற்றால் பின்னிய ஆஸந்தீயும் இதுவும் அமைப்பில் ஓரினம். வடக்கிலும் தெற்கிலும் பழைய அரசிருக்கை ஒரு கட்டிலாகவே இருந்திருக்கிறது. படுக்கையும் இருக்கையும் தனித்தனியாகப் பிரியாத நிலை அது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் அமர்ந்திருந்ததைச் சொல்லுமிடத்தில், சிங்கங்கள் தாங்கிய அமளி என்ற கருத்துப்பட அடிகள் வருணிக்கிறார். அமளி என்பது படுக்கையைக் குறிக்கும் சொல். சிங்கம் வந்து சேர்ந்த பின்னும் இருக்கை படுக்கையின் பெயரைக் கைவிடவில்லை.

'அரியணை' என்ற சொல்லும் இப்படியே அமைந்தது. அணை என்பது மெத்தை, படுக்கை. ஆழ்வார்கள் எம்பெருமானுடைய சயனத்தை அரவணை, பாம்பணை, நாகணை என்று பாடுவது இச்சொல்லைக்கொண்டே. திருவரங்கத்தில் இரவின் கடைசி ஆராதனத்துக்கும் அரவணை என்றே பெயர். ஆகையால் பிற்பகுதியை நோக்கினால் அரியணையும் அரவணையும் உடன்பிறந்த சொற்கள். முற்பகுதியான 'அரி' ஹரி சப்தம் ஹகரம் இழந்த வடிவம். ஹரன் அரன் ஆனதுபோல. எனவே சிங்காசனத்தை நீக்கி அரியணையை வைத்தால் தனித்தமிழ் ஆகிவிடும் என்பது முற்றும் பொருந்தாது. அரியணை வடசொல்லும் தென்சொல்லும் கைகோத்த சொல். மணிப்ரவாளத்தில் வளர்ந்த நமக்கு அது குறையும் அன்று.

அரசர்கள் தம் இருக்கைகளுக்குத் தனிப் பெயரிட்டு வழங்கியதும் இங்கே நினைக்கத்தக்கது. பிற்காலப் பாண்டியர் சாஸனங்களில், மன்னன் மழவராயன், காலிங்கராயன் முதலிய பெயர் பெற்ற பள்ளிப்பீடங்களில் எழுந்தருளியிருந்து ஆணை பிறப்பித்ததாகக் காண்கிறோம். இவை அதிகாரிகளும் சிற்றரசர்களும் தாங்கிய பட்டப்பெயர்கள். திருவரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளும் ஸிம்ஹாஸனமும் சேரபாண்டியன் என்று பெயர் பெற்றது. அடங்கி நிற்பவனுடைய பெயர், அமர்பவனைத் தாங்கும் பீடத்தின் பெயராகிறது. இந்த லௌகிக வழக்கை மனத்தில் கொண்டு அருளிச்செயலுக்குச் செல்வோம்.

3. பாம்பு சிங்காசனமாதல்

முதல் திருவந்தாதியின் 53ஆம் பாசுரத்தில் பொய்கையாழ்வார் திருவனந்தாழ்வானுடைய கைங்கர்யங்களை அடுக்கி அருளுகிறார். எம்பெருமான் நடந்தால் குடை, அமர்ந்தால் சிங்காசனம், நின்றால் மரவடி, கடலில் புணை, மற்றும் திருவிளக்கு, பட்டு, தழுவிக்கொள்ளும் அணை என்று அவனுடைய ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு வடிவம் கொள்பவன் அவன்.

சிங்க உருவம் பொறித்த பீடம் என்ற பொருளையே பிடித்துக்கொண்டால் இங்கே ஆழ்வார் திருவாக்குக்கு என்ன கதி? சிங்காசனமாக நிற்பது பாம்பு. சிங்கம் எங்கும் இல்லை. ரூடிப்பொருளைக் கொண்டால் தடையின்றிச் செல்கிறது. ஆயினும் ரூடியோடு நின்றுவிடுவதும் போதாது. ஒரு ஜடமான மரத்தையோ பொன்னையோ ஆழ்வார் சிங்காசனம் என்னவில்லை; அறிவும் அன்பும் உடைய ஒரு சேதனனைச் சொல்கிறார். அரசன் உட்காரும் பொருளாக இருந்தது, அரசனுக்கு அடிமை செய்யும் ஆளாக மாறிவிட்டது. மழவராயன் என்று பீடத்துக்கு ஆளின் பெயர் இட்டது உலக வழக்கு. ஆளே பீடமானது இங்கே.

ஆளவந்தார் தம் ஸ்தோத்ரரத்னத்தின் 40ஆம் ச்லோகத்தில் இதே பொருளை அநுபவித்து, ஒரு முடிவும் காட்டுகிறார்: வாஸஸ்தானம், படுக்கை, ஆஸனம், பாதுகை, ஆடை, தலையணை, குடை என்று பல வடிவங்களால் சேஷமாயிருப்பதால் சேஷன் என்று அழைக்கப்படுவது அவனுக்குத் தகும் என்பது அது. தனக்கென்றிராமல் பிறன் பொருட்டு இருப்பது சேஷம் என்பது மீமாம்ஸையில் ஜைமினி காட்டிய லக்ஷணம். அதையே எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் விரித்து ஜீவனுடைய ஸ்வரூபத்தை நிலைநாட்டினார். ஆக, சிங்காசனம் என்ற சொல் ஆழ்வாரிடத்திலும் ஆளவந்தாரிடத்திலும் சேஷத்வத்தின் பெயர்களுள் ஒன்றாகிறது. அமர்பவனுடைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த சொல், சுமப்பவனுடைய ஸ்வரூபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

எங்களுக்கு அணித்தான திவ்யதேசமான திருவெவ்வுளில் வீரராகவப் பெருமாள் திருவனந்தாழ்வான்மேல் சயனித்தபடியே சாலிஹோத்ர மஹர்ஷியின் சிரஸ்ஸில் திருக்கையை வைத்து ஸேவை ஸாதிக்கிறார். படுக்கையிலிருந்தே அபயம் அளிக்கும் திருக்கோலம் அது. அங்கே அணைக்கும் ஆஸனத்துக்கும் பேதமில்லை என்பதைக் கண்ணால் காணலாம்.

4. கட்டிலிலிருந்து சிங்காசனம் வரை

பொய்கையாழ்வார் சிங்கமில்லாத சிங்காசனத்தைக் காட்டினார். நாச்சியார் சிங்கத்தை மீட்டுத் தருகிறாள், ஆனால் பீடத்தில் வைக்கவில்லை. திருப்பாவையின் 23ஆம் பாசுரத்தில் மழைக்காலத்தில் மலைக்குகையில் உறங்கிய சிங்கம் விழித்து, கண் திறந்து, உடல் நிமிர்த்து, முழங்கிப் புறப்படும் நிலை விரிவாகச் சொல்லப்படுகிறது. அதுபோல அவன் தன் கோயிலிலிருந்து புறப்பட்டு வந்து சிங்காசனத்தில் அமர்ந்து, தாங்கள் வந்த காரியத்தை ஆராய்ந்து அருள வேண்டும் என்பது ஆய்ச்சியரின் விண்ணப்பம். சிங்கமாகச் சொல்லப்பட்டவன் அமர்பவன். ஆகவே இங்கே தொகை 'சிங்கத்தினுடைய ஆஸனம்' என்றே விரியும். முன்னே அத்தனை விரிவாகச் சிங்கத்தைப் பாடிவிட்டுப் பின்னே சிங்காசனம் என்றது தற்செயலாக இராது. ரூடியில் தேய்ந்துபோன அவயவப் பொருளை நாச்சியார் உயிர்ப்பித்தருளினாள்.

இப்பாசுரத்தை முந்தின பாசுரத்தோடு சேர்த்து நோக்க வேண்டும். 22ஆம் பாசுரத்தில் உலகத்து அரசர்கள் அபிமானம் பங்கமாகி வந்து கூடி நிற்பது அவனுடைய பள்ளிக்கட்டிலின் கீழே. 23இல் ஆய்ச்சியர் வேண்டுவது சிங்காசனம். பழந்தமிழ் வேந்தர்களின் அரசிருக்கைப் பெயரும், வடமொழி அரசிருக்கைப் பெயரும் அடுத்தடுத்த பாசுரங்களில் நிற்கின்றன. அரசர்கள் வந்த இடத்தில் கட்டில். ஆய்ச்சியர் வந்த இடத்தில் சிங்காசனம். தங்கள் தங்கள் சிங்காசனங்களை விட்டு வந்தவர்கள் கட்டிலின் கீழ் நிற்கிறார்கள். சிங்காசனத்தையே கண்டிராத இடைப்பெண்கள், அவன் சிங்காசனத்தில் அமர்ந்து தங்கள் வார்த்தையைக் கேட்கும்படி கேட்கிறார்கள்.

இப்போது பர்யங்கவித்யையை நினைப்போம். கௌஷீதகி உபநிஷத்து, அர்ச்சிராதி வழியாகச் சென்ற முக்தன் காணும் இரண்டு இருக்கைகளைப் பெயரோடு சொல்கிறது: விசக்ஷணா என்னும் ஆஸந்தீ, அமிதௌஜஸ் என்னும் பர்யங்கம். ஆஸந்தீயின் கால்கள் ஸாமங்கள். அது ப்ரஜ்ஞையே என்றும் சொல்லப்படுகிறது. முக்தன் ஆஸந்தீயைக் கடந்து பர்யங்கத்தை அடைந்து, முதலில் பாதத்தை வைத்து அதில் ஏறுகிறான். இது சேதனன் ஏறிச் செல்லும் வழி: ஆஸனம் முதலில், படுக்கை பின்னர்.

நாச்சியார் காட்டும் வழி நேரெதிர். படுக்கை முதலில், ஆஸனம் பின்னர். இங்கே நடப்பவன் எம்பெருமான். முக்தன் ஆஸந்தீயிலிருந்து கட்டிலுக்கு ஏறுகிறான். அவனோ ஆய்ச்சியருக்காகக் கட்டிலிலிருந்து இறங்கிச் சிங்காசனத்துக்கு வருகிறான். இந்த நடையழகைக் கண்டவர்கள் அடுத்த பாசுரத்தில் உடனே திருவடிகளுக்கு மங்களாசாஸனம் செய்ததும் இதனால் பொருந்துகிறது. ஆஸந்தீயும் பர்யங்கமும் என்ற உபநிஷத்தின் இரட்டையைச் சிங்காசனமும் கட்டிலும் என்ற தமிழ் இரட்டையாகக் காண்பது அடியேனுடைய விண்ணப்பம். ரஸிகர்கள் ஆராய்ந்து கொள்வார்களாக.

அவன் சிங்காசனத்தில் அமர வேண்டும் என்று ஏன் வேண்டினார்கள்? படுத்தபடியே அருளலாகாதோ? பெரியவாச்சான்பிள்ளையின் மூவாயிரப்படி முதலாக வளர்ந்த வ்யாக்யான மரபில் இதற்கு ஒரு விடை உண்டு. கடற்கரையில் விபீஷணாழ்வானைக் குறித்துச் சொன்ன வார்த்தையும், தேர்த்தட்டில் அர்ஜுனனுக்குச் சொன்ன வார்த்தையும் இடத்தின் பெயரால் அறியப்படுகின்றன. அவ்வாறே சிங்காசனத்திலிருந்து சொன்ன வார்த்தை என்று நம்பி நெஞ்சில் கொள்ளலாம்படி அது நிலைபெறும். படுக்கையில் சொல்வது ப்ரணய வார்த்தையாகப் போய்விடலாம். ஆஸ்தானத்தில் சொல்வது தீர்ப்பு. ஆகவே சிங்காசனம் வார்த்தை தவறாத இடம். ஆய்ச்சியர் அதற்குச் 'சீரிய' என்ற அடைமொழி தந்ததும் பொன்னையும் மணியையும் கண்டு அன்று. அங்கே அமர்ந்தால் ஏழைகளின் காரியம் ஆராயப்படும் என்பதே அதன் சீர்மை.

எம்பெருமானார் அருளிய நித்யக்ரந்தத்தின் திருவாராதன க்ரமமும் இதற்குத் துணை. பகவானுடைய பீடத்துக்கு நான்கு மூலைகளிலும் பாதங்களாக பாவிக்கச் சொல்லப்பட்டவை தர்மம், ஜ்ஞானம், வைராக்யம், ஐச்வர்யம் என்பவை. ஐச்வர்யம் அந்த நான்கில் ஒன்று. மற்ற மூன்று கால்களும் இல்லாமல் ஐச்வர்யம் ஒன்றால் அந்தப் பீடம் நிற்காது.

5. 'அரி'யின் பல பொருள்

கம்பநாட்டாழ்வார் திருமுடிசூட்டுப் படலத்தில் பெருமாள் அமர்ந்த இருக்கையை அரியணை என்கிறார். அதைத் தாங்கி நின்றவன் திருவடியான அனுமன். அங்கதன் உடைவாள் ஏந்த, பரதாழ்வான் வெண்குடை கவிக்க, அபிஷேகம் நடந்தது.

இங்கே ஹரி சப்தத்துக்கு அமரகோசம் நானார்த்த வர்க்கத்தில் தரும் பொருள்களை நினைக்க வேண்டும். யமன், காற்று, இந்திரன், சந்திரன், சூரியன் முதலியவற்றோடு விஷ்ணு, சிங்கம், பாம்பு, குரங்கு ஆகிய நான்கும் அதில் அடங்கும். அரியணை சிங்கத்தின் அணையானால் திருப்பாவையின் சிங்காசனம். பாம்பாகிய அணையானால் முதல் திருவந்தாதியின் சிங்காசனம். குரக்கினத்துத் திருவடி தாங்கும் அணையானால் கம்பர் காட்டும் பட்டாபிஷேகம். அமர்பவன் ஹரியே ஆகையால் அவனுடைய அணை என்பதும் பொருந்தும்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். இது சொற்பிறப்பு அன்று. ச்லேஷத்தால் வரும் ஸ்வாரஸ்யம். அரியணையில் உள்ள அரி சிங்கமே என்பது வ்யுத்பத்தி. மற்றவை ரஸிகர் அநுபவம். அநுபவத்தை வ்யுத்பத்தியாக எழுதுவதும், வ்யுத்பத்தி இல்லை என்று அநுபவத்தைத் தள்ளுவதும் இரண்டும் வழுவே. இக்காலத்துச் சொல்லாராய்ச்சிகளில் முன்னதும், இக்காலத்து மறுப்புரைகளில் பின்னதும் மிகுந்து வருகின்றன. இரண்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பாம்பானாலும் குரங்கானாலும், நம் நூல்களில் அரசிருக்கையை ஆராய்ந்த இடமெல்லாம் அதன் அடியில் ஒரு சேஷபூதன் நிற்கிறான்.

நந்திக்ராமத்தில் பரதாழ்வான் செய்ததும் இதுவே. அவன் பாதுகைகளுக்கு அபிஷேகம் செய்து, அவற்றுக்குப் பரதந்த்ரனாயிருந்து ராஜ்யத்தை நடத்தினான். இந்தப் பாதுகைகளையே பற்றி ஸ்வாமி தேசிகன் 1008 ச்லோகங்களால் பாதுகா ஸஹஸ்ரம் அருளினார். சேர நாட்டை ஆண்ட குலசேகராழ்வாரோ, அரசச் செல்வம் வேண்டாம் என்று, திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் அடியார் ஏறி இறங்கும் படியாகக் கிடக்கும் பாக்யத்தை வேண்டினார். சந்நிதி வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வந்தது அதனால். அரசுகட்டிலில் அமர்ந்தவர் விரும்பியது மிதிபடும் படியை. சிங்காசனத்தின் பொருளை அறிந்த அரசர் அவர்.

6. ஸிம்ஹாஸனாதிபதி

இனி எம்பெருமானார் நியமித்த 74 பேருடைய திருநாமத்துக்கு வருவோம். இதில் 'ஸிம்ஹாஸன' சப்தத்தை அரசபதவி என்றும், 'அதிபதி' சப்தத்தை உடைமையாளன் என்றும் கொண்டால், ஒரு பீடத்தைச் சொத்தாக உடையவர் என்று பொருளாகும். இன்று பலர் மனத்தில் நிற்பது இதுவே. தீர்த்தம் யாருக்கு முன்பு, சடாரி யாருக்குப் பின்பு என்ற வாதங்களில் இச்சொல் ஒரு பத்திரம்போல நீட்டப்படுவதைக் கோயில் குடும்பங்களில் பிறந்தவர்கள் அறிவார்கள்.

பாணினி இரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில் 39ஆம் ஸூத்ரத்தில், ஸ்வாமி, ஈச்வர, அதிபதி, தாயாத, ஸாக்ஷி முதலிய சொற்களோடு ஆறாம் வேற்றுமையும் வரும், ஏழாம் வேற்றுமையும் வரும் என்று விதிக்கிறார். ஆகவே ஸிம்ஹாஸனத்துக்கு அதிபதி என்றும் சொல்லலாம், ஸிம்ஹாஸனத்தில் அதிபதி என்றும் சொல்லலாம். இலக்கணத்தில் இரண்டும் ஸமம். இதுதான் பொருள் என்று ஸூத்ரம் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எதை நெஞ்சில் கொள்வது என்று தேரும்போது ஸம்ப்ரதாயம் வழிகாட்ட வேண்டும். அந்த ஆஸனத்தில் இருந்து பூர்வர்களின் வார்த்தையைச் சொல்லும்போது அவர் அதிபதி. சொல்வதற்கு வார்த்தை இல்லாதபோது ஆஸனம் மட்டும் எஞ்சி நிற்கும்.

இந்த நியமனத்தைச் செய்தவர் யார் என்பதும் முக்கியம். எம்பெருமானாரைத் திருவனந்தாழ்வானுடைய அவதாரமாக நம் பெரியோர் அநுஸந்திக்கிறார்கள். அவன் அமர்ந்தால் சிங்காசனமாகிறவன் எவனோ, அவனே ஸ்ரீபெரும்பூதூரில் 1017இல் அவதரித்தான் என்பது நம் அத்யவஸாயம். தானே ஸிம்ஹாஸனமாயிருப்பவர் 74 பேரை ஸிம்ஹாஸனத்தில் இருத்தினார் என்றால், தம்மைப்போல் சுமப்பவர்களாக இருத்தினார் என்பதே பொருந்தும். அவர் காலத்துக்கு முன் ஓராண்வழியாய் ஒருவருக்கு ஒருவர் என்று காக்கப்பட்டு வந்த உபதேசத்தை, ஆசையுடைய அனைவருக்கும் திறந்துவிட்டவர் அவர் என்று மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் காட்டியருளினார். திறந்த கதவுக்கு ஒருவரோடு காவல் போதாது. சொல்லிக்கொடுக்கப் பலர் வேண்டும். அதற்காக ஏற்பட்டவை அந்த 74 ஆஸனங்கள். ஏழைகளின் காரியத்தை ஆராய்வதற்காகச் சிங்காசனம் என்று நாச்சியார் அருளிய பொருளும், சுமப்பவனே சிங்காசனம் என்று பொய்கையார் அருளிய பொருளும் இந்தத் திருநாமத்தில் ஒன்றுகூடுகின்றன.

ஓர் ஆக்ஷேபம் எழலாம். ஆசார்ய வம்சங்களுக்குக் கோயில்களில் நடக்கும் மரியாதைகள் பழையவை. அவற்றை இந்த வ்யாக்யானம் குலைத்துவிடாதோ? குலைக்காது. மரியாதை பீடத்துக்கு, பீடம் எம்பெருமானார் நியமனத்துக்கு, நியமனம் அடியார்களின் உஜ்ஜீவனத்துக்கு என்று அதன் வரிசை. இந்த வரிசையை அறிந்து பெறும் மரியாதையும் கைங்கர்யமே. வரிசை அறுந்தால் எஞ்சுவது வெறும் பொன் பீடம். அமரஸிம்ஹனுடைய இலக்கணப்படி அதுவும் ஸிம்ஹாஸனந்தான். ஆழ்வாருடைய இலக்கணப்படி அன்று.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அடியேன் வாழும் சோழவரம் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை வயல்களும் ஏரிக்கரைகளும் இருந்த இடங்களில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் எழுந்துவிட்டன. இப்பகுதிச் சிற்றூர்ப் பெருமாள் கோயில்கள் சிலவற்றில் திருப்பாவை ஸேவிக்க நான்கு பேர் கூடுவதே அரிதாகிவருகிறது. அர்ச்சகர் ஒருவரே கோஷ்டியுமாகி நிற்கும் நாட்களும் உண்டு. அதே ஊர்களில், இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் திரும்பும் இளைஞர்களில் சிலர் சந்தை சொல்லிக்கொள்ள விரும்புகிறார்கள். வடகலை தென்கலை வேறுபாடும், குல வேறுபாடும் அறியாத ஆசை அது. எம்பெருமானார் கதவைத் திறந்துவிட்டது இந்த ஆசைக்காகவே. அவர்கள் கேட்பது தங்கள் வந்த காரியத்தை ஆராய ஒருவர் அமர வேண்டும் என்பதை. அவர்களுக்கு அமர்ந்து சொல்ல ஆளில்லாத ஊரில், பீடத்தின் உரிமை யாருடையது என்ற வழக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தால், அந்தச் சொல்லை நாம் வைத்திருக்கிறோம், அதன் பொருளை இழந்துவிட்டோம் என்றே ஆகும்.

அத்தி மரத்துக் கயிற்றுக் கட்டிலில் தொடங்கிய சொல்வழக்கு பொன்னிலும் சிங்கத்திலும் ஏறி, ஆழ்வார் திருவாக்கில் பாம்பணையாகி, எம்பெருமானார் திருவுள்ளத்தில் உபதேசம் செய்யும் இடமாகியிருக்கிறது. ஒரு மணைப் பலகையில் அமர்ந்து, எதிரே இருப்பவருக்கு ஒரு பாசுரத்தைப் பிழையறச் சந்தை சொல்லிக்கொடுப்பவர் எவரோ, அவர் அமர்ந்த அந்தப் பலகையை அந்த நேரத்துக்குச் சிங்காசனம் என்று சொல்ல நம் நூல்கள் இடம் கொடுக்கின்றன. பெரிய பீடங்களில் எழுந்தருளியிருக்கும் ஸ்வாமிகளும், சிறிய ஸந்நிதிகளில் ஒற்றையாக நிற்கும் கைங்கர்யபரர்களும், வரும் மார்கழிக்கு முன் தத்தம் ஊரில் ஒருவருக்கேனும் அந்த 30 பாசுரங்களைச் சந்தை சொல்லி வைக்கத் திருவுள்ளம் பற்ற வேண்டும் என்று ப்ரார்த்தித்து இவ்விண்ணப்பத்தை நிறைவு செய்கிறேன்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.